வீடு முழுக்க ஃபில்டர் என்று சொல்லி 68,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போனார்கள்: போர் தண்ணீர் வீட்டுக்காரர்கள் படிக்கவும்

காங்கேயம், சென்னிமலை, ஊத்துக்குளி, பெருந்துறை பக்கம் போர் தண்ணீரை நம்பி வீடு கட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். "வீடு முழுக்க நல்ல தண்ணி, ஒரே மெஷின், அதுக்கப்புறம் செலவே இல்லீங்க" என்று பேசி எங்களிடம் 68,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பின்வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு நீல உருளை நிற்கிறது. அதற்குள் போகும் தண்ணீர் போன மாதிரியே வெளியே வருகிறது. நேற்று மதியம் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கடைப் பெயரைப் போடவில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறோம். என்ன மாதிரி ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன். பொருட்காட்சி, கோயில் நோம்பி நடக்கும் இடங்களில் ஸ்டால் போட்டு, 'இலவசமாகத் தண்ணீர் டெஸ்ட்' என்று போன் நம்பரை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு ஆள் அனுப்புகிற வகை.

எங்கள் போர் 850 அடி. தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும், கீசர் காயில் உப்புப் பிடித்துப் போய்விடும். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர் பைப்பில் வருகிறது, வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்வோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். அத்தைக்கு (மாமியாருக்கு) ரொம்ப நாளாகக் கையிலும் காலிலும் அரிப்பு, குளித்துவிட்டு வந்தால் தோல் வெடிப்பு விட்டது போல் இருக்கும். அதற்காகத்தான் நம்பரைக் கொடுத்தோம்.

வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா" என்று அத்தையிடம் முதலில் பேசினான். கோபிப் பக்கம் என்றான், எந்த ஊர், யார் வீடு என்று அத்தை கேட்க, ஏதோ ஒரு வழியில் சொந்தம் மாதிரியே வந்துவிட்டது. அத்தை கையை நீட்டிக் காட்டியதும், "எங்கம்மாவுக்கும் இதேதானுங்க, இந்த மெஷின் போட்டப்புறம் ஒரு மாசத்துல சரியாயிருச்சுங்க" என்றான். அத்தையின் முகம் அப்போதே மாறிவிட்டது. நான் காபி வைக்கப் போனேன், திரும்பி வருவதற்குள் அத்தை அவனிடம் சரி சொல்லியிருந்தார்.

அப்புறம் பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தான். அதிலிருந்து நான்கு கம்பிகள் கீழே தொங்கின. ஒரு டம்ளரில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த 'மெஷின் தண்ணீர்'. ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் இரண்டு கம்பிகளை விட்டு பிளக்கைச் சொருகினான். எங்கள் தண்ணீர் முதலில் மஞ்சளானது, பிறகு கிளறிவிட்ட குட்டைத் தண்ணீர் மாதிரி பழுப்பும் பச்சையுமாகக் கட்டி கட்டியாக மிதந்தது. அவனுடைய தண்ணீர் தெளிவாக நின்றது. "இதைத்தானுங்கக்கா தினமும் மேல ஊத்திக்கறீங்க, இதுதான் கிட்னியில கல்லாகுது" என்றான். நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொன்னேன். காதில் வாங்காமல் பேனா மாதிரி இருந்த டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) எடுத்துக் காட்டினான். எங்களுடையது 1,480, அவனுடையது 60. "வீட்ல எந்தப் பைப்பைத் திறந்தாலும் இந்த 60 தானுங்க வரும், எழுதியே தர்றேன்" என்றான்.

விலை 68,000. சாயங்காலம் வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்து வந்ததும் அத்தையே அவரிடம் பேசினார். அத்தை பால் ஊற்றிச் சேர்த்த பணம், என் சீட்டுப் பணம், இரண்டையும் சேர்த்தோம். முன்பணம் 30,000. மாட்டுகிற அன்று மீதி 38,000. பில் கேட்டால் "ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல வந்துருமுங்க" என்றார்கள். வந்தது மேலே 'எஸ்டிமேட்' என்று போட்ட ஒரு தாள். ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, மாடலும் இல்லை, உள்ளே என்ன போட்டிருக்கிறது என்ற விவரமும் இல்லை. 'பத்து வருட வாரன்டி' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. அதுவும் உருளையின் மேல்கூட்டுக்கு மட்டும்தான் என்று கீழே பொடி எழுத்தில்.

மாட்டிய மூன்றாம் நாளே ஷவரில் வெள்ளை படிய ஆரம்பித்தது. நாங்களே ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தால் உள்ளே போவதும் 1,480, வெளியே வருவதும் 1,480. போன் செய்தோம்.

"ரெசின் செட்டாகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகுமுங்கக்கா." சரி என்று விட்டோம். அடுத்து, "உங்க போர்ல தண்ணி கீழ போயிருச்சுங்க, அதுக்கு மெஷின் என்ன பண்ணும்?" அடுத்து, "சர்வீஸ் பசங்க தாராபுரம் சைட்ல இருக்காங்க, நாளைக்குக் காலைல உங்க வீட்லதான் நிப்பாங்க." யாரும் நிற்கவில்லை. ஓனரிடம் பேச வேண்டும் என்றால், "ஓனர் பழனிக்கு நடந்து போயிருக்காருங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்." எந்த ஓனரும் கூப்பிடவில்லை. சொந்தம் கொண்டாடிய அந்தப் பையன் எங்கள் நம்பரை எடுப்பதையே நிறுத்திவிட்டான், அத்தை தன் போனிலிருந்து கூப்பிட்டபோது எடுத்து, குரல் கேட்டதும் வைத்துவிட்டான். அத்தை அதற்குப் பிறகு அவனைப் பற்றிப் பேசுவதில்லை. கடைசியாக ஆபீஸில் ஒரு பெண், "மேடம், உங்க கம்ப்ளைன்ட் க்ளோஸ் ஆயிருச்சுங்க" என்கிறாள். ஒரு ஆள் வரவில்லை, ஒரு ஸ்க்ரூ கழற்றவில்லை, எப்படி க்ளோஸ் ஆகும் என்று கேட்டால், விசிட் வேண்டுமானால் 3,500 ரூபாய் கட்டச் சொல்கிறாள். 68,000 வாங்கியது போதாதாம்.

நேற்று என் பெரியப்பா மகன் வந்தார். திருப்பூரில் சாயப்பட்டறையில் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தை எடுக்கும் மெஷின்) பிளான்ட் பார்த்தவர், கடினத் தண்ணீரில் சாயம் சரியாக ஏறாது என்பதால் அவர்களுக்கு இது தினசரி வேலை. உருளையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உப்புத் தொட்டி எங்க கண்ணு?" இல்லை, உப்பே போட வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள் என்றேன். ஒன்றும் பேசாமல் வால்வைக் கழற்றி, உருளையைச் சாய்த்து ஒரு பழைய தார்ப்பாயில் கொட்டினார். முதலில் தேன் நிறத்தில் ஜவ்வரிசியைவிடப் பொடியான மணிகள் கொஞ்சம் விழுந்தன, இரண்டு படி இருந்தால் அதிகம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் மணலும் கூழாங்கல்லும். அடியில் தாங்குவதற்குக் கொஞ்சம் கல் போடுவது முறைதான், ஆனால் முக்கால் உருளைக்கா?

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது தெரிந்திருந்தால் அன்றைக்கே அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அந்த மணிதான் ரெசின். தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். ஒன்றை எடுத்து ஒன்றை விடுவதால் கடினம் போகும், டிடிஎஸ் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். 1,480-ஐ 60 ஆக்க ஆர்ஓ (கரைந்த உப்பையே மெல்லிய சவ்வால் வடிகட்டும் மெஷின்) வேண்டும், அவன் பாட்டிலில் கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணீர். அதைக் காட்டி வேறொன்றை விற்றிருக்கிறான். ரெசின் நிறைந்துபோனால் உப்புக் கரைசலை விட்டுக் கழுவினால்தான் திரும்ப வேலை செய்யும், ஆகவே உப்பு போட வேண்டாத ரெசின் சாஃப்ட்னர் என்று ஒன்று கிடையாது.

கணக்கும் போட்டுக் காட்டினார். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். எங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 860 மில்லிகிராம் (குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி எடுத்த ரிப்போர்ட், இதையும் ஏமாந்த பிறகுதான் எடுத்தோம்). முழுசாக 25 லிட்டர் ரெசின் போட்டிருந்தாலே 1,450 லிட்டர் தண்ணீருக்குத்தான் தாங்கும். எங்கள் வீட்டுப் புழக்கத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை மூன்று கிலோவுக்கு மேல் உப்பு போட்டுக் கழுவ வேண்டும். நேர்மையான கடைக்காரர் இதை முதலில் சொல்லியிருப்பார், நாங்களும் யோசித்து முடிவு செய்திருப்போம்.

டம்ளரில் காட்டினானே, அது இன்னும் மோசம். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு உள்ள தண்ணீரில் கரன்ட் நன்றாகப் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். ஆர்ஓ தண்ணீரில் கரன்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் இதே கதிதான். நாங்கள் பார்த்தது எங்கள் தண்ணீரின் அழுக்கை அல்ல, அவன் கம்பியின் துருவை. அதைக் காட்டி வயசான மனுசியைப் பயமுறுத்தி 68,000 ரூபாய்.

எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது மட்டும். யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே லேபில் டெஸ்ட் எடுங்கள், டிடிஎஸ் மட்டும் போதாது, மொத்தக் கடினம் எவ்வளவு என்று கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்குக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கலர் காட்டினால் அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள். எத்தனை லிட்டர் ரெசின், எத்தனை நாளைக்கு ஒருமுறை எவ்வளவு உப்பு என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள், உங்கள் கண் முன்னால் மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொல்லுங்கள். எஸ்டிமேட் தாள் பில் ஆகாது. மீதிப் பணத்தை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்துவிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நாங்கள் ஜிபே ரசீது, எஸ்டிமேட் தாள், தார்ப்பாயில் கொட்டிய மணலின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடாகப் பார்த்து, பகலில்தான் வருகிறார்கள், அக்கம் பக்கத்தில் அப்படி ஆள் இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.