ஃப்ரீகிளா, ஃப்ரீசைக்கிளா? லண்டனில் சாமான் கொடுக்கவும் வாங்கவும்

லண்டனில் வீடு மாறப் போகிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். வேண்டாத கட்டில், மேசை, குழந்தைச் சாமான் எதுவாக இருந்தாலும் குப்பைக்கு அனுப்புவதற்கு முன்னால், அக்கம்பக்கத்தாருக்குள் சாமானை இலவசமாகக் கொடுக்கவும் வாங்கவும் உதவும் ஃப்ரீகிள் இணையதளத்தில் போடுங்கள், புதிதாக வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னாலும் ஒரு தடவை அங்கே தேடிப் பாருங்கள். அதே மாதிரி ஃப்ரீசைக்கிள் என்ற தளமும் இருக்கிறது, அதிலும் கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்றுதான் போதும் என்றால் ஃப்ரீகிள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் டெரான் பீல் என்பவர் 2003 மே மாதம் ஃப்ரீசைக்கிளைத் தொடங்கினார். மறுசுழற்சி வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தவர் அவர். இன்னும் நன்றாக இருக்கிற பொருட்கள் குப்பைக்கிடங்குக்குப் போவதைத் தடுக்க, வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்தவர்களுக்கும் சில அமைப்புகளுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், அவ்வளவுதான் ஆரம்பம். அது யாஹூவின் மின்னஞ்சல் குழுக்கள் வழியாக ஊர் ஊராகப் பரவி பிரிட்டனுக்கும் வந்தது. இங்கே குழுக்களை நடத்திய தன்னார்வலர்களுக்கும் அமெரிக்கத் தலைமைக்கும் நிர்வாக விஷயத்தில் ஒத்துவராமல், 2009 செப்டம்பரில் பல குழுக்கள் பிரிந்து வந்து ஃப்ரீகிள் என்ற பெயரில் தனியாக இயங்க ஆரம்பித்தன. இந்த ஊர்க்காரர்கள் இந்த ஊருக்காக நடத்துவது என்பதால்தானோ என்னவோ, எனக்கு அதில் ஒரு பற்று.

விதி எளிமையானது. எல்லாமே இலவசம், சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். "என் சைக்கிளைத் தருகிறேன், உன் டிவியைக் கொடு" என்ற பண்டமாற்றுக்கெல்லாம் இங்கே வேலை இல்லை. கொடுப்பவர் கொடுக்கிறார், வாங்குபவர் வந்து எடுத்துப் போகிறார், நடுவில் எந்தக் கணக்கும் கிடையாது. முதலில் இது கொஞ்சம் வறட்டுப் பிடிவாதமாகத் தோன்றலாம், எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. விற்கிற தளங்களில் ஒரு நாற்காலிக்கு ஐந்து பவுண்டு போட்டால் மூன்றுக்குத் தருவாயா, இரண்டுக்குத் தருவாயா என்று வரிசையாகச் செய்தி வரும், வந்த பிறகு வாசலிலும் பேரம் நடக்கும். இலவசம் என்று போட்டதும் அந்தப் பேச்சே இல்லாமல் போகிறது.

ஃப்ரீகிளில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, ஒரு படம் எடுத்து, 'தருகிறேன்' அல்லது 'தேவை' என்று போட வேண்டியதுதான். வரைபடத்தில் உங்கள் வீடு துல்லியமாகத் தெரியாது, ஏறக்குறைய எந்தப் பக்கம் என்றுதான் தெரியும். பேச்செல்லாம் தளத்துக்குள்ளேயே நடக்கிறது, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த பிறகு முகவரியை அனுப்பினால் போதும், தொலைபேசி எண்ணே தேவையில்லை. ஒருவருக்கு என்று முடிவானதும் 'வாக்குக் கொடுத்தாயிற்று' என்று குறித்துவைக்கலாம். முன்பு வாங்கியவர்கள் ஒருவரைப் பற்றிக் கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டியிருப்பதும் தெரியும். தனியாக இருக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இதெல்லாம் முக்கியம்.

ஃப்ரீசைக்கிளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் குழுக்கள் இருக்கின்றன. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் 2023இல் அங்கே பெரிய தரவுக் கசிவு நடந்தது, 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் விவரங்கள் வெளியே போயின, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி அவர்களே அறிவித்தார்கள். பழைய கணக்கு வைத்திருந்து மறந்துபோனவர்கள் இன்றைக்காவது மாற்றிவிடுங்கள், அதே கடவுச்சொல்லை வேறு எங்காவது வைத்திருந்தால் அங்கேயும்.

சரி, சோபா விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். 1988இல் வந்த தீப்பாதுகாப்பு விதிகளின்படி சோபாவில் ஒரு சீட்டு தைத்திருக்கும். அது இல்லாவிட்டால், நன்கொடையாக வந்த பழைய சாமானை விற்கும் சாரிட்டி கடைக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள், அதனால் தயவுசெய்து அந்தச் சீட்டை வெட்டி எறியாதீர்கள். குப்பை எடுக்கும் உள்ளாட்சியான கவுன்சிலைக் கூப்பிட்டால் பெரிய சாமானுக்குப் பல இடங்களில் கட்டணம். வாசலில் வைத்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி ஒட்டினால் அதையும் தெருவில் குப்பை கொட்டியதாக எடுத்துக்கொண்டு அபராதம் போடலாம். இதற்கு மேல், பழைய சோபாக்களின் துணியிலும் பஞ்சிலும் தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த வேதிப்பொருட்கள் நச்சுத்தன்மை உள்ளவை என்பதால், இங்கிலாந்தில் 2023 ஜனவரியிலிருந்து அப்படிப்பட்ட சோபாக்களை மண்ணில் புதைக்க விடுவதில்லை, தனியாகப் பிரித்து எரிக்க வேண்டும். ஆக, உட்கார்ந்தால் இன்னும் நன்றாக இருக்கிற ஒரு சோபா உங்கள் வீட்டை விட்டுக் குப்பையாக வெளியே போனால் அதன் முடிவு அநேகமாக நெருப்புதான். அதே சோபாவை ஃப்ரீகிளில் போட்டால், அப்போதுதான் வெறும் வீட்டுக்குள் குடிவந்த ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து வாங்கிப் போகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும், சந்தோஷமும் வரும்.

குறை இல்லாமல் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் உண்டு. சனிக்கிழமை காலை முழுக்க ஒரு அலமாரியோடு காத்திருந்து, மாலையில் செய்தி அனுப்பினால் பதிலே இருக்காது. இது தளத்தின் கோளாறு இல்லை, காசு கொடுக்காததற்கு மதிப்பும் கொடுக்காத மனிதர்களின் கோளாறு. என் வழக்கம் என்னவென்றால், முதலில் கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வைத்துக்கொள்வதில்லை. "இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பவரைவிட, எதற்கு வேண்டும், எப்போது வர முடியும் என்று இரண்டு வரி எழுதுகிறவருக்குத்தான் முதலிடம். வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். வணக்கம் சொல்லி, நேரம் சொல்லி எழுதினால் பொருள் உங்களுக்குத்தான் வரும்.

நம்மவர்களில் பலருக்கு ஒரு தயக்கம், அடுத்தவர் பயன்படுத்தியதை எப்படி வீட்டுக்குள் கொண்டுவருவது என்று. அக்கா பிள்ளையின் சட்டையும் பெரியம்மா வீட்டுப் பாத்திரமும் நமக்குப் புதிதா என்ன? பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணியைத்தானே போடுகிறோம், அது மிருதுவாக இருக்கும் என்று. அந்தக் கைமாற்றம் உறவுக்குள் நடந்தது, இங்கே உறவெல்லாம் ஊரில் இருக்கிறது, அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக்கொள்கிறோம். குழந்தைகள் விஷயத்தில் இது பெரிய உதவி. தொட்டில், உயர நாற்காலி, சைக்கிள், புத்தகம் எல்லாம் ஒரு வருடம், இரண்டு வருடம்தான் ஓடும், அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். பள்ளிச் சீருடைக்கு ஃப்ரீகிளைவிடப் பள்ளியே நல்லது. பழைய சீருடை பெற்றோருக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் அரசு வழிகாட்டுதலே இருக்கிறது, வெட்கப்படாமல் அலுவலகத்தில் கேளுங்கள்.

சிலவற்றை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். குழந்தைகளின் கார் சீட் முதலாவது. விபத்தில் அடிபட்டதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது, முன்பின் தெரியாதவரிடம் வாங்குவது ஆபத்து. சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படித்தான். தொட்டிலை வாங்கலாம், அதன் மெத்தையைப் புதிதாக வாங்கிவிடுங்கள். பெரியவர்களின் கட்டில், சோபா என்றால் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். கொடுப்பவர் தப்பாக நினைக்க மாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், நம் சமையலறைக்கு ஒன்று. 'தேவை' பகுதியை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை, கிரைண்டர் வேண்டும் என்று அதில் போட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரைத் திரும்பிப் போகும்போது யாரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், கல் கனம் அப்படி. இந்தியாவிலும் இங்கேயும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக்கை மட்டும் சரியாக மாற்றினால் ஓடும். விளம்பரத்தில் கிரைண்டர் என்று மட்டும் எழுதினால் மிளகு அரைக்கும் சின்ன டப்பாவைக் கொண்டுவந்து தருவார்கள், அதனால் இட்லி மாவு அரைப்பது என்று எழுதி ஒரு படமும் போடுங்கள்.