முதலாண்டில் என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா?

கல்லூரி திறந்த சில வாரங்களில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ஆள் எடுப்பும் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பதிவும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டிலும் இருக்க முடியாது. ஒழுக்கம், சேவை, தன்னம்பிக்கை என்று இரண்டு தரப்பும் சொல்வதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள், அதை விட்டுவிடுவோம். மூன்றாண்டும் விடாமல் வர முடிந்தால் என்.சி.சி., முடியாதென்றால் என்.எஸ்.எஸ். இதுதான் என் கட்சி. காரணம் சீருடை அல்ல, என்.சி.சி.யில் மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுதி வாங்கும் 'சி' சான்றிதழ்.

என்.எஸ்.எஸ். கணக்கு எளிது. ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டாண்டில் 240 மணி நேரம். இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம், பெரும்பாலும் பக்கத்துக் கிராமம் ஒன்றில். ஓட்டமும் உயரமும் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிறு தவறினால் இன்னொரு நாள் ஈடுகட்டலாம். தமிழ்நாடு காவலர் தேர்வில் என்.சி.சி.க்குப் போலவே இதற்கும் சிறப்பு மதிப்பெண் உண்டு.

என்.சி.சி.யில் அந்த நெகிழ்வு கிடையாது. இரண்டாம் ஆண்டு முடிவில் 'பி' சான்றிதழ்த் தேர்வு, மூன்றாம் ஆண்டில் 'சி' சான்றிதழ்த் தேர்வு. இரண்டும் பொதுவாக பிப்ரவரி, மார்ச்சில் வரும். எழுத பரேடு வருகை 75 விழுக்காடு வேண்டும். 'பி'க்கு ஒரு முகாம், 'சி'க்கு மொத்தம் இரண்டு. 'பி' தேறாமல் 'சி' எழுத முடியாது. ஆக மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் முதலாண்டே சேர்ந்தால்தான் கணக்கு சரியாக முடியும். இரண்டாம் ஆண்டில் சேர்பவருக்கு 'பி'யோடு சரி. பொறியியல் மாணவருக்கு ஓராண்டு கூடுதலாக இருப்பதால் தாமதமாகவும் சேரலாம். ஆனால் 'சி' தேர்வு நான்காம் ஆண்டு புராஜெக்டோடு மோதும்.

பலரும் சறுக்குவது முகாமில்தான். பத்து நாள் சி.ஏ.டி.சி. (ஆண்டுப் பயிற்சி) முகாம் இன்டர்னல் தேர்வோடு மோதினால், 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். அடுத்த ஆண்டு இடம் கிடைக்காது. பல கல்லூரிகளின் என்.சி.சி.யை நடத்தும் பட்டாலியனுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வரும், அதிலிருந்து கல்லூரிக்குச் சில இடங்கள்தான். முதலாண்டில் வரும் முகாமை விடாதீர்கள். ஆன்-டியூட்டி வருகைப் பதிவை உங்கள் துறை ஏற்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேரும் முன்பே ஏ.என்.ஓ.விடமும் (கல்லூரியில் என்.சி.சி.யைக் கவனிக்கும் ஆசிரியர்) துறைத் தலைவரிடமும் கேட்டுவிடுங்கள். முகாம் சான்றிதழ் கையில் வந்ததும் நகலெடுத்து வையுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப் படிப்பில் 50 விழுக்காடு, வயது 19 முதல் 25. இவை இருந்தால் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். மற்றப் பட்டதாரிகள் எழுதும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு இல்லை. விண்ணப்பம் வடிகட்டலில் தேறினால் நேராக எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணல். அதிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறி, தகுதிப் பட்டியலில் இடம் பிடித்தால் சென்னை பரங்கிமலையிலுள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி. பெண்களுக்கும் இந்த வழி உண்டு, இடங்கள் குறைவு. மத்தியப் படைகளுக்கு ஆள் எடுக்க எஸ்.எஸ்.சி. (பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வில் 'சி'க்கு மொத்த மதிப்பெண்ணில் 5 விழுக்காடு, 'பி'க்கு 3, பள்ளியில் வாங்கும் 'ஏ'க்கு 2 சேர்ப்பார்கள். 160 மதிப்பெண் தாளில் 'சி' என்றால் 8. ஒரு மதிப்பெண்ணிலேயே பட்டியல் புரண்டுபோகும் தேர்வில் 8 சின்ன விஷயமில்லை. மத்தியப் படைகளும் ராணுவமும் உங்கள் குறியில் இல்லையென்றால் இந்தக் கணக்கே வேண்டாம், என்.எஸ்.எஸ்.ஸில் நிம்மதியாக இருங்கள்.

கிரேடு போவது டிரில்லில் அல்ல, எழுத்துத் தாளில். அதிலும் மேப் ரீடிங், அதாவது வரைபடம் படித்தல். ஆறு இலக்க கிரிட் எண்ணில் முதலில் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய எண்), பிறகு நார்திங் (வடக்கு நோக்கிய எண்). மாற்றி எழுதினால் வேறு ஊரைக் காட்டும். பேக் பேரிங்குக்கு (எதிர்த்திசைக் கோணம்), கொடுத்த கோணம் 180 டிகிரிக்குக் குறைவென்றால் 180 கூட்ட வேண்டும், அதிகமென்றால் கழிக்க வேண்டும். இந்த இரண்டையும் வரைபடத்தை விரித்துவைத்துப் பழகியவர்கள் திணறுவதில்லை. கட்டளைகள் இந்தியில்: சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட். (1968 ஜனவரியில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் மொழித் தீர்மானம் இந்தக் கட்டளைகளையும் எதிர்த்தது.) ஒரு மாதத்தில் காது பழகிவிடும். புது பூட்ஸை முகாமுக்குத்தான் முதலில் போடுவேன் என்று வைத்திருந்தால் இரண்டாம் நாளே குதிகால் கொப்பளித்துவிடும். இரண்டு வாரம் முன்பே தடித்த சாக்ஸோடு போட்டு நடந்து பழக்குங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயரைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். நம் ஊர் இனிஷியல் ஒரு படிவத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், ஆதாரில் அப்பா பெயராக விரிந்தும் நிற்கும். 'சி' சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அதைத் திருத்த பட்டாலியன் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்கட்டும், சீருடைப் படி அதில்தான் வந்து விழும்.