பீடி சுற்றும் பெண்களின் நோய்க் கணக்கு: நான்கு மாடல்களில் எது பொருந்தும்?

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணை. அந்த அம்மா மடியில் சுளவு, அதில் நனைத்து வெட்டிய இலை, ஓரமாகப் புகையிலைத் தூள். எதிரே கேள்வித்தாளோடு ஒரு மருத்துவ மாணவர்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சுத்துவீங்கம்மா?"

கை நிற்கவில்லை. "மணிக்கணக்கு யாரு பாக்கா தம்பி? எழுநூறு எண்ணூறு பீடி ஆகும். நடுவுல சோறு பொங்கணும்லா."

மாணவர் "8 மணி நேரத்துக்கு மேல்" என்ற கட்டத்தில் டிக் அடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளுக்குப் புள்ளியியல் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், எந்த மாடல் போடலாம்?" மாடல் என்றால், நோய்க்கும் அதன் காரணிகளுக்கும் உள்ள தொடர்பைத் தரவிலிருந்து கணக்கிடும் புள்ளியியல் முறை.

பெரும்பாலும் அவர்களே பதிலையும் கொண்டு வந்துவிடுகிறார்கள்: லாஜிஸ்டிக் ரிக்ரெஷன். சீனியர் போட்டார், அதனால் நானும். அந்த மாடலுக்குப் பெரிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் 5,209 பேரைச் சேர்த்து இதய நோய் ஆய்வைத் தொடங்கினார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் வைத்து, ஒன்றின் பங்கை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க 1960-களில் அங்கே கைகொடுத்தது லாஜிஸ்டிக் முறைதான். இதய நோய் வந்ததா, வரவில்லையா என்ற இரண்டே விடை உள்ள கேள்விக்கு அது அருமையான கருவி.

நம்மூர் ஆய்வில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், இடுப்புவலி அரிய நோய் அல்ல. கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். நிறைய பீடி சுற்றும் 100 பெண்களில் 60 பேருக்கு இடுப்புவலி. குறைவாகச் சுற்றும் 100 பேரில் 40 பேருக்கு. 60-ஐ 40-ஆல் வகுத்தால் ஒன்றரை மடங்கு. லாஜிஸ்டிக் தருவது இந்த விகிதத்தை அல்ல, ஆட்ஸ் ரேஷியோவை. வலி உள்ளவர்களை வலி இல்லாதவர்களால் வகுக்க வேண்டும்: 60/40 ஒரு பக்கம், 40/60 மறுபக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை 2.25. இதை ஆய்வேட்டில் "இரண்டேகால் மடங்கு ஆபத்து" என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. அதே எடுத்துக்காட்டில் 60, 40-க்குப் பதில் 6, 4 என்று போட்டுப் பாருங்கள்: 6/94-ஐ 4/96-ஆல் வகுத்தால் ஆட்ஸ் ரேஷியோ 1.53 வரும், உண்மையான ஒன்றரைக்குப் பக்கத்திலேயே நிற்கும். அரிய நோய்க்கு ஆட்ஸ் ரேஷியோ கிட்டத்தட்ட உண்மை சொல்லும். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற வலிக்கு ஊதிப் பெரிதாக்கும்.

இந்த இடத்தில் என் ஓட்டு பாய்சான் ரிக்ரெஷனுக்கு. பாய்சான் முறை எண்ணிக்கைக்காக வந்தது; ஆம், இல்லை என்ற தரவில் அப்படியே போட்டால் பிழை வரம்பை அகலமாகக் காட்டும். அதைச் சரிசெய்ய, மாடலின் அனுமானத்தை மட்டும் நம்பாமல் தரவிலிருந்தே பிழையை அளக்கும் ரோபஸ்ட் பிழைக் கணக்கைச் சேர்க்க வேண்டும். 2004-இல் வந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்தச் சேர்க்கை பரவலானது. மென்பொருளில் கூடுதலாக ஒரு வரிதான். விடை நேரே "ஒன்றரை மடங்கு" என்று வரும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கும் சொல்லிப் புரியவைக்கலாம்.

அதற்காக லாஜிஸ்டிக்கைத் தூக்கிப் போட முடியாது. வாய்ப்புற்று வந்த 100 பேரையும் வராத 200 பேரையும் தேடிப் பிடித்து "முன்பு வெற்றிலை, புகையிலை போட்டீர்களா?" என்று கேட்கும் ஆய்வில், எத்தனை பேரில் ஒருவருக்கு நோய் வரும் என்பதையே கணக்கிட முடியாது, நோயாளிகளின் எண்ணிக்கையை நாம்தானே முடிவு செய்தோம். அங்கே ஆட்ஸ் ரேஷியோ ஒன்றுதான் நேர்மையான விடை.

காக்ஸ் மாடலின் கதை வேறு. புள்ளியியலாளர் டேவிட் காக்ஸ் 1972-இல் கொடுத்தது. நோய் வந்ததா என்பதோடு, எப்போது வந்தது என்றும் பார்க்கும். அதன் அழகு எனக்குப் பிடிபட்டதே நம்மூர் நிலவரத்தில்தான். ஒரு பெண்ணை மூன்று வருடம் தொடர்ந்து பார்க்கிறோம். நான்காம் வருடம் அவளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், அப்புறம் தகவல் இல்லை. சாதாரணக் கணக்கில் அவளை என்ன செய்வது? நீக்கினால் மூன்று வருட உழைப்பு வீண்; நோய் இல்லை என்று எழுதினால் பொய். காக்ஸ் அந்த மூன்று வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் தொடர்ந்து பார்த்தால்தான் இது. ஒரே நாளில் ஊருக்குப் போய்க் கேட்டு வந்த தரவில் காக்ஸ் போடக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. நான் போட்டுக் கொடுப்பதில்லை. ஒருவரின் ஆபத்து மற்றவரின் ஆபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது முதல் வருடமும் பத்தாம் வருடமும் ஒரே அளவாக இருக்கும் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. அதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

ரேண்டம் ஃபாரஸ்ட் பற்றி இப்போது நிறையக் கேட்கிறார்கள். 2001-இல் புள்ளியியலாளர் லியோ பிரைமன் எழுதியது. கேள்வி மேல் கேள்வியாகக் கிளை பிரிந்து ஒரு விடையில் முடியும் 'முடிவு மரங்களை' நூற்றுக்கணக்கில் வளர்த்து ஓட்டெடுக்கும். ஆயிரக்கணக்கானோரில் யாருக்குச் சர்க்கரை நோய் வரக்கூடும் என்று சலித்தெடுக்க நல்லது. ஒரு காரணி எத்தனை மடங்கு ஆபத்து என்று மட்டும் அது சொல்லாது; முக்கியக் காரணிகளின் வரிசைப் பட்டியல்தான் தரும். முந்நூறு பேர் ஆய்வுக்கு வேண்டாம்.

சரி, இடுப்புவலியை விட்டு இருமலுக்கு வருவோம். பீடித் தூளால் இருமலா என்று கேட்டால், அதே வீட்டில் விறகடுப்பும் புகைகிறது. வயதும் கூடவே ஏறுகிறது. இவற்றை மாடலில் சேர்த்தே ஆக வேண்டும். நான்கு மாடல்களும் அதைச் செய்யும். நான்கில் எதுவும் செய்யாத ஒன்று உண்டு. இருமல் முற்றியவர்கள் பீடி சுற்றுவதையே விட்டுவிடுகிறார்கள். இன்று சுளவோடு உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணினால், பீடி சுற்றுகிறவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்றே விடை வரும். ஒரு ஆய்வேட்டில் அப்படித்தான் வந்தது. "பீடித் தொழிலுக்கும் இருமலுக்கும் தொடர்பில்லை" என்று முடிவுரையும் எழுதியிருந்தார்கள். கணக்கில் பிழையே இல்லை. கேட்க வேண்டியவர்கள் திண்ணையில் இல்லாமல் வீட்டுக்குள் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த மாணவரின் கேள்வித்தாளைத் திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே திருத்தினோம். மணி நேரக் கட்டங்களை அடித்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று எண்ணாகவே எழுத இடம் விட்டோம். 750 என்ற எண்ணைக் கட்டத்துக்குள் அடைத்தால் பாதித் தகவல் போய்விடும். விறகா, கேஸா என்று ஒரு வரி. கடைசியாக, வீட்டுக்கு வீடு கேட்க ஒரு கேள்வி: "இந்த வீட்டில் முன்பு பீடி சுற்றி, இப்போது விட்டவர் யாராவது இருக்கிறார்களா? ஏன் விட்டார்?" பாய்சானா, லாஜிஸ்டிக்கா என்ற பேச்சை முக்கூடல் தரவு முழுதாகக் கைக்கு வந்த பிறகு எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.