"இந்த இன்ஜினுக்கே ஹெட் கம்ப்ளைண்ட்தாங்க" என்று சொன்னால் உடனே பணம் கட்டாதீர்கள்

சேலத்தில் செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள். கோரிமேட்டுப் பக்கம் ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் 71,000 ரூபாயை இழந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதம் தெரிந்தால் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நீங்கள் தப்பிக்கலாம்.

வண்டி 2014 மாடல் டிசையர் டீசல், கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடையில்) எடுத்தது. ஏசி போட்டு ஏற்காடு ஏறும்போது பதினான்காவது கொண்டை ஊசி வளைவு தாண்டி ஹீட் ஆகி நின்றுவிட்டது. டோ பண்ணிக் கீழே கொண்டுவந்தார்கள். பானெட்டைத் திறந்ததுமே, "இந்த இன்ஜினுக்கே ஹெட் கம்ப்ளைண்ட்தாங்க, செயினும் போயிருக்கும்" என்று தீர்ப்பு. ஹெட் என்பது இன்ஜினின் மேல் பகுதி. செயின் என்பது உள்ளே கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் செயின். ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை. ஹெட் வேலைக்கு 46,000, செயின் கிட்டுக்கு 25,000. அடுத்த முறை மலை ஏறியபோது மறுபடி அதே ஹீட்.

வேறொரு மெக்கானிக் பிரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. செயின் கவர் ஓரத்தில் கம்பெனியில் போட்ட சீலன்ட் அழுக்குப் படிந்து அப்படியே இருந்தது. கவரைக் கழற்றாமல் செயின் மாற்ற முடியாது. சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டையே எடுத்து எறிந்திருந்தார்கள். அது இல்லையென்றால் சமதளத்தில் ஹீட் தாமதமாக ஏறும், வண்டி சரியாகிவிட்டது போலத் தோன்றும். ரேடியேட்டர் குழாய்களுக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. முதல் நாளிலிருந்தே நோய் அங்கேதான் இருந்தது.

நம்மூர் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் என்ன படிகிறதோ அதேதான் ரேடியேட்டரிலும் படியும். கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி, இல்லாவிட்டால் கலந்தே வரும் ரெடிமிக்ஸ். வழியில் அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஊர் திரும்பியதும் முழுக்க வடித்து மாற்றிவிடுங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி அடைத்திருக்கும், அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று யார் சொன்னாலும் பிரிப்பதற்கு முன் இரண்டு டெஸ்ட் கேளுங்கள். ஒன்று, இன்ஜின் ஆறியபின் கூலிங் சிஸ்டத்துக்கு அதன் மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு பிரஷர் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டேங்க் வாயில் டெஸ்ட் கிட்டில் வரும் நீலத் திரவம் வைத்துப் பார்ப்பது. கேஸ்கட் வழியே இன்ஜின் புகை கலந்தால் நிறம் மாறும். நீலம் நீலமாகவே இருந்து, பிரஷரும் நின்று, ஆயிலும் பால் போல மாறாமல் இருந்தால், ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள்.

செயின் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபியட் வடிவமைத்த இந்த 1.3 லிட்டர் டீசல், ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா என்று பல வண்டிகளில் வந்தது. செயின் தளர்வது இதில் உண்மையாகவே உள்ள குறைதான். ஆனால் காரணம் பெரும்பாலும் ஆயில். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. கரி கலந்த பழைய ஆயில் செயின் பின்களை அரிக்கும். புத்தகத்தில் 10,000 கி.மீ. என்றிருந்தாலும், தூசியிலும் மலையிலும் ஓடும் பழைய வண்டிக்கு 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதே நல்லது. ஆயிலின் கிரேடு (கெட்டித்தன்மை எண்) மேனுவலில் உள்ளபடி. இப்படிப் பார்த்துக்கொண்ட வண்டிகள் டாக்ஸியாகவே இரண்டு லட்சம் கி.மீ. தாண்டி ஓடுகின்றன. இந்தக் குறைக்குப் பயந்து நல்ல வண்டியை ஒதுக்கவும் வேண்டாம், அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடவும் வேண்டாம்.

வாங்கப் போகும்போது காலையில், முன்கூட்டி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் ஸ்டார்ட்டில் சலசல சத்தம் இரண்டு மூன்று நொடிக்கு மேல் நீடித்தால் செயினைப் பரிசோதிக்க வேண்டும். 20டபிள்யூ-50 போன்ற கனமான ஆயில் ஊற்றி அந்தச் சத்தத்தை அமுக்கி விற்பவர்களும் உண்டு. இன்ஜின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 கோடு வந்தால் கேமும் கிராங்க்கும் பொருந்தவில்லை என்று அர்த்தம். செயின் தளர்ச்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரேக் ஆயிலை யாரும் கண்டுகொள்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 டிகிரிதான். ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய செயின், கேஸ்கட், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் கையில் தரச் சொல்லுங்கள். பழைய செயினைப் புதியதன் பக்கத்தில் வைத்தால் நீளம் கண்ணுக்கே தெரியும். மேலே சொன்ன குடும்பத்திடம் இருப்பது வெள்ளைத் தாளில் எழுதிய தொகை மட்டும். பார்ட் நம்பரோடு ஜிஎஸ்டி பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.