வெளிநாட்டில் வாங்குவதா, உள்நாட்டிலேயே வாங்குவதா?

ஒரே போன், இரண்டு நாட்டில் இரண்டு விலை. நாணய மாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்ததும் வெளிநாட்டு விலை மலிவாகத் தெரியும். ஆனால் அமெரிக்கக் கடைகள் போடும் விலையில் பெரும்பாலும் விற்பனை வரி சேராது; பில் போடும்போதுதான் ஏறும். ஜெர்மனியிலோ 19 சதவீத வாட் வரி விலைக்குள்ளேயே அடக்கம். இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது தப்புக்கணக்கு.

விகிதம் தினமும் மாறும், நிறுவனம் வைத்த விலை அப்படி மாறாது. 2022-இல் யென் மளமளவென்று சரிந்தபோதும் ஐபோன் 13 ஜப்பானில் 98,800 யென்னிலேயே நின்றது. ஜூலையில்தான் 117,800 ஆனது. அந்த இடைவெளியில் டாலரோடு போனவருக்கு நிஜமாகவே லாபம். விலையை மட்டும் பார்த்தால், இப்படிப்பட்ட சமயத்தில் வெளிநாட்டில் தாராளமாக வாங்கலாம்.

உள்நாட்டு விலையில் இறக்குமதித் தீர்வை ஏறியிருக்கும், சரி. கூடவே உத்தரவாதமும் இருக்கிறதே! ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருளில் குறை இருந்தால் குறைந்தது 2 ஆண்டுக்கு விற்றவர்தான் சட்டப்படி பொறுப்பு. அந்தச் செலவும் விலையில்தான் வந்து விழும்.

பொருளும் அச்சு அசலாக ஒன்றல்ல. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் செருகும் இடமே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதற்கென்றே செய்த சாதனத்தை 230 வோல்ட்டில் செருகினால் போச்சு.

என்னைக் கேட்டால், கேமரா லென்ஸை வெளிநாட்டில் வாங்கலாம். அதற்கு சிம்மும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். திரும்பும்போது சுங்கவரி வருமா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். போனும் டிவியும் உள்நாட்டிலேயே.