வேர்ட்பிரஸ் தானாகவே படங்களைச் சுருக்கும் வசதி: ஒரு பயனரின் மதிப்புரை

தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் டேங்க் ரோட்டில் தொண்டூழியர்கள் எடுக்கும் காவடிப் படங்களை எங்கள் சங்கத்தின் இணையத்தளத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. அவற்றில் சில 6000 பிக்சல் அகலம்கூட இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் நானே சுருக்கிய பிறகுதான் ஏற்றுவேன்.

எங்கள் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின், 2019 நவம்பரில் வெளியான 5.3 பதிப்பிலிருந்து, அகலமோ உயரமோ 2560 பிக்சலைத் தாண்டும் படத்தை மென்பொருளே அந்த அளவுக்குக் குறைத்து, கோப்பின் பெயரோடு ‘ஸ்கேல்டு’ (scaled, அளவு மாற்றியது) என்று சேர்த்துச் சேமித்து, பக்கத்தில் அதையே பயன்படுத்துகிறது. கைப்பேசியில் நிமிர்த்தி எடுத்த படம் படுத்துக் கிடக்கும் தொல்லைக்கும் அதே பதிப்பில் தீர்வு வந்தது. (பக்கவாட்டில் சாய்ந்தும் பால் சிந்தாத பால்குடங்களை எங்கள் பழைய பக்கங்களில் இன்றும் காணலாம்.)

ஆனால் அசல் கோப்பு அழிக்கப்படுவதில்லை. வேர்ட்பிரஸ் உருவாக்கும் சிறிய, நடுத்தரப் பிரதிகளோடு அதுவும் சர்வரில் தங்குவதால், இது பக்கத்தை விரைவாகத் திறக்க உதவுமே தவிர இடத்தை மிச்சப்படுத்தாது. ஆண்டு மலருக்கு அச்சுத் தரப் படம் தேவைப்படும்போது, ஊடக விவரப் பக்கத்திலுள்ள இணைப்பின் வழியே அந்த அசலை எடுத்துக்கொள்வதால் எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த 2560 பிக்சல் வரம்பை மாற்றுவதற்கு அமைப்புகளில் ஒரு பெட்டிகூட வைக்காமல், நிரல் எழுதச் சொல்வதுதான் உறுத்துகிறது.