ஆழ்துளைக் கிணற்று நீருக்கு ரெசினா, ஆர்.ஓ.வா?

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால், நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கின்றன என்று பொருள். இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை ஏற்கப்படுகிறது.

ரவையைப் போன்ற ரெசின் (செயற்கைப் பிசின்) மணிகள் இவ்விரு அயனிகளையும் பிடித்துக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. அவை நிறைந்ததும் உப்புக் கரைசலால் அலசினால் மீண்டும் வேலைக்கு வந்துவிடும். ஆனால் மொத்த உப்பு குறைவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை: கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஏறத்தாழப் பழைய எண்ணையே காட்டும். 100 மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேருவதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்நீரைக் குடிக்குமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

அழுத்தத்தால் நீரை நுண்ணிய சவ்வின் வழியே செலுத்தி வடிகட்டும் முறையே ஆர்.ஓ. அந்தச் சவ்வோ சோடியம், நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவற்றைப் பெருமளவு தடுக்கிறது. ஆனால் பல வீட்டுக் கருவிகளில், குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவுக் குழாயில் போகும் நீரே அதிகம்.

நைட்ரேட் மட்டுமே 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டினால் அதற்கென உள்ள ரெசின் போதும். நைட்ரேட்டைப் பிடிக்கும் சாதாரண வகை ரெசினோ சல்பேட்டையே முதலில் பற்றும், அலசத் தாமதித்தால் பிடித்த நைட்ரேட்டையும் திரும்பக் கொட்டிவிடும். ஆகவே குளிக்கவும் துவைக்கவும் ரெசின், சமையலறைக் குழாய்க்கு மட்டும் ஆர்.ஓ. என்பதே என் தேர்வு.